பேரிங் மாத்தினதுக்கு அப்புறம் மோட்டார் ஆக்ஸில்ல 'டொக்' சத்தம், சீல் கசிவு: திருப்பி மாட்டுறது எப்படி

கேள்விய சுருக்கமா சொல்லிடுறேன். மூணு சக்கர எலக்ட்ரிக் லோடு வண்டி, மோட்டார் பின் ஆக்ஸில்லயே போல்ட் போட்டு உக்காந்திருக்கு. பேரிங் சத்தம் வந்துச்சுன்னு கழட்டி, கியர் பாக்ஸ்ல ரெண்டு பேரிங் மாத்தி, மூடியோட கேஸ்கெட் கிழிஞ்சதால கொஞ்சம் தடிமனான ஷீட்ல புதுசா வெட்டி ரெண்டு பக்கமும் பேஸ்ட் தடவி மூடியாச்சு. இப்போ ஆக்ஸிலரேட்டர விட்ட உடனே பின்னாடி 'டொக்'குன்னு ஒரு அடி, மோட்டார் பக்கம் ஆயில் கசியுது. மறுபடி பிரிச்சு ஒழுங்கா மாட்டணும்னா எதையெல்லாம் பாக்கணும்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல பதில் சொல்லிடுறேன், காரணத்த அப்புறம் பேசுவோம். உங்க ரெண்டு பிரச்சனைக்கும் மொதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்த தடிமன் கேஸ்கெட்டத்தான். பேரிங் கம்பெனி சரியில்ல, பல்லு தேஞ்சிருச்சுன்னு யாராவது சொல்லி புது கியர் செட் வாங்க வச்சிடுவாங்க, அதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டோட நீளவாக்கு ஆட்டத்த அளந்து பாருங்க.

ஏன்னா, இந்த கியர் பாக்ஸ்ல இருக்கறது சாய்வு பல்லு கியர், ஹெலிகல்னு சொல்லுவாங்க. நேர் பல்லு மாதிரி இல்லாம, சாய்வு பல்லு சுத்தும்போது ஷாஃப்ட்ட ஒரு பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். இன்ஜின் வண்டியில பெரும்பாலான நேரம் தள்ளுறது ஒரே பக்கம்தான், இன்ஜின் பிரேக் போடும்போது மட்டும் லேசா எதிர்ப்பக்கம் போகும். எலக்ட்ரிக் வண்டியில அப்படி இல்ல, பெடல மிதிச்சா மோட்டார் சக்கரத்த இழுக்குது, விட்டா ரீஜென்ல (மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வண்டிய மெதுவாக்கறது) சக்கரம் மோட்டார இழுக்குது, அதுவும் நல்லா பலமாவே இழுக்குது, அப்போ பல்லோட அடுத்த முகத்துல லோடு ஏறுது, ஷாஃப்ட்ட தள்ளுற திசையும் அப்படியே திரும்பிடுது. டவுன்ல ஓட்டுனா நிமிஷத்துக்கு எத்தனை தடவை பெடல மிதிச்சு மிதிச்சு விடுறோம், அத்தனை தடவையும் உள்ள இருக்கற ஷாஃப்ட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒரு தள்ளு. ஷிம்மும் (இடைவெளிய நிரப்ப வைக்கற மெல்லிசான தகடு வளையம்) கேஸ்கெட்டும் சரியா இருந்தா ஷாஃப்ட் நகர இடமே இல்ல. கேஸ்கெட் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடிப்போச்சுன்னா மூடி அரை மில்லிமீட்டர் தள்ளி உக்காருது, ஷாஃப்ட்டுக்கு அந்த அரை மில்லிமீட்டர் ஓட இடம் கெடைக்குது, போய் முட்டும்போது 'டொக்'. அதே ஷாஃப்ட்தான் சீலோட உதட்டுக்குள்ள முன்ன பின்ன போயிட்டு வருது, சீல் எத்தனை நாளைக்கு தாங்கும்?

இன்னொன்னு, இன்ஜின் வண்டியிலயும் இந்த மாதிரி சின்ன சத்தமெல்லாம் இருக்கத்தான் செய்யும், இன்ஜின் போடுற இரைச்சல்ல காதுல விழாது. எலக்ட்ரிக்ல அத மறைக்கற இரைச்சல் இல்ல, அதனால "பழைய வண்டியில இப்படித்தான் மாட்டுவேன், ஒண்ணும் ஆனதில்ல"ன்னு சொல்ற மெக்கானிக் சொல்றது பொய்யில்ல, ஆனா இங்க அது எடுபடாது.

சரி, கழட்டப் போறதுக்கு முன்னாடி கரண்ட். 48 வோல்ட், 60 வோல்ட் வண்டின்னா ஷாக் பெருசா இருக்காதுன்னு அலட்சியமா இருப்பாங்க, ஷாக் இல்லாட்டியும் ஸ்பேனர் ரெண்டு டெர்மினலுக்கு குறுக்க விழுந்தா அது வெல்டிங் ராடு மாதிரி உருகும், கையில மோதிரம் காப்பு இருந்தா தோலோட சேத்து சுட்டுடும். அதனால மோதிரம் காப்ப கழட்டி வச்சிட்டு பேட்டரி கனெக்டர பிரிங்க. பெரிய வோல்டேஜ் வண்டின்னா சர்வீஸ் ப்ளக்க (பேட்டரி இணைப்ப துண்டிக்கற ப்ளக்) எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு (வேற யாரும் திருப்பி மாட்டிடக் கூடாது), இன்வெர்ட்டர்ல இருக்கற கெப்பாசிட்டர் காலியாக மேனுவல் சொல்ற நேரம் காத்திருந்து, மீட்டர் வச்சு பாத்துட்டுத்தான் கை வைக்கணும். பெரிய வோல்டேஜ் போற ஆரஞ்சு கேபிள் வேலைக்கு பயிற்சி இல்லைன்னா அந்த ஒரு பகுதிய தெரிஞ்சவங்கள வச்சு செஞ்சுக்கங்க, இதுல வீரம் வேண்டாம். அப்புறம், நிறைய பேர் மறக்கற விஷயம்: உள்ள பெர்மனன்ட் மேக்னெட் மோட்டார் இருந்தா, பேட்டரி இல்லாமயே சக்கரத்த சுத்துனா அது ஜெனரேட்டர் ஆயிடும். மோட்டாருக்குப் போற மூணு பேஸ் ஒயரும் தொறந்து கெடக்கும்போது சக்கரத்த வேகமா சுத்தி விடாதீங்க. அந்த மூணு ஒயர் முனையும் ஒண்ணோட ஒண்ணு பட்டுக்கிட்டு இருந்தா சக்கரம் பிரேக் புடிச்ச மாதிரி கனமா சுத்தும், அதப் பாத்து பேரிங் ஜாம்னு நெனச்சு மறுபடி பிரிச்சவங்கள எனக்குத் தெரியும், அதுல நானும் ஒரு ஆள்.

மூடியத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுத்து வச்சுக்கங்க. ஆட்டம் எங்க இருக்குன்னு அப்பத்தான் தெரியும். ஹேண்ட் பிரேக்க போட்டு ரெண்டு சக்கரமும் நகராம பாத்துக்கிட்டு, மோட்டார் பக்க ஷாஃப்ட்ட கையால லேசா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி எவ்வளவு சும்மா போகுதுன்னு பாருங்க. இதுல ஒரு கணக்கு இருக்கு. ரிடக்ஷன் 10க்கு 1ன்னு வச்சுக்கங்க, அதாவது மோட்டார் 10 சுத்து சுத்தினா சக்கரம் 1 சுத்து. மோட்டார் ஸ்பிளைன்ல (ஷாஃப்ட் முனையில நீளவாக்குல வெட்டின பல்லு) 1 டிகிரி ஆட்டம் இருந்தா மோட்டார் அந்த 1 டிகிரிதான் சும்மா ஓடும். ஆனா சக்கரத்து கிட்ட, ஆஃப் ஷாஃப்ட் (சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்) ஸ்பிளைன்லயோ ஹப்லயோ 1 டிகிரி ஆட்டம் இருந்தா, மோட்டார் 10 டிகிரி சும்மா ஓடி வேகம் புடிச்சு அப்புறம் போய் முட்டும். ரோட்டர், அதாவது மோட்டாருக்குள்ள சுத்தற பாகம், கனமான ஜாமான், அது ஓடி வந்து முட்டுற அடிதான் உங்களுக்கு கேக்கறது. அதனால சத்தத்த தேடும்போது மோட்டார்ல இருந்து ஆரம்பிக்காம சக்கரத்துல இருந்து உள்ள வாங்க. கார் வகை பெரிய எலக்ட்ரிக் வண்டிகள்லயும் இதே கதைதான், நிஸான் லீஃப்ல ரிடக்ஷன் 8க்கு பக்கம், பழைய டெஸ்லா மாடல் எஸ்ல 9.73, எல்லாமே ஒரே கியர், அதனால சக்கரத்து பக்க ஆட்டம் அந்த மடங்குல பெருசாகும்.

இப்போ உள்ள. பழைய கேஸ்கெட்டையும் பேஸ்ட்டையும் முகத்துல இருந்து எடுக்கும்போது உளி, ஹேக்சா பிளேடு எல்லாம் வேண்டாம், ஹவுசிங் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தா அது வழியாவே ஆயில் வரும். பிளாஸ்டிக் ஸ்கிராப்பர், இல்ல கெட்டியான மரத்துண்டு போதும், பொறுமையா. கழுவி, காத்தடிச்சு, ஹவுசிங்குக்குள்ள இருக்கற ஆயில் வழிய விரலால தடவி பாருங்க, பழைய பேஸ்ட் சுருண்டு அதுல அடைச்சிருந்தா பேரிங்குக்கு ஆயில் போகாது. ட்ரெயின் ப்ளக்ல காந்தம் இருந்தா அதுல ஒட்டியிருக்கற பொடிய பாருங்க. சாம்பல் கலர் மாவு மாதிரி இருந்தா சாதாரணத் தேய்மானம். செதிலா, துண்டா வந்தா ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ ஒடைஞ்சிருக்கு, எதுன்னு கண்டுபுடிக்காம மூடவே கூடாது.

மாட்டின பேரிங்க வெளிய எடுத்தா, லேசா சந்தேகம் இருந்தாலே மறுபடி அதையே போடாதீங்க, முக்கியமா இழுத்து எடுத்தப்போ உள் ரிங்க விட்டுட்டு வெளி ரிங்க புடிச்சு இழுத்திருந்தா. பேரிங் விஷயத்துல விதி ஒண்ணுதான்: எந்த ரிங் டைட்டா போகுதோ அந்த ரிங்லதான் அழுத்தம் குடுக்கணும். ஷாஃப்ட்ல டைட்டுன்னா உள் ரிங், ஹவுசிங்ல டைட்டுன்னா வெளி ரிங். மாத்தி அடிச்சா அந்த அடி பால் வழியா போய் ரேஸ்ல (பால் ஓடற பாதை) சின்னச் சின்ன பள்ளம் போட்டுடும், கண்ணுக்கு தெரியாது, ஓட்டும்போது 'ஙொய்ங்'குன்னு ஒரு சத்தம் வரும், புது பேரிங்ல எப்படி சத்தம்னு மண்டைய உடைச்சுக்குவோம். சுத்தியலும் பைப்பும் வச்சு அடிக்கறதுக்கு பதிலா சூடு பண்ணி போடுங்க. தொறந்த பேரிங்க 110 டிகிரிக்கு பக்கம் சூடு பண்ணா தானா வழுக்கிட்டு போய் உக்காரும், 120 தாண்ட வேண்டாம், கேஸ் டார்ச்ச நேரா காட்டவே கூடாது, ஒரு இடம் மட்டும் சுட்டு ஸ்டீலோட பதம் போயிடும். ரப்பர் சீல் வச்ச பேரிங்குக்கு அந்த சூடே அதிகம், உள்ள இருக்கற கிரீஸ் கெட்டுடும், அதுக்கு பிரஸ்தான் நல்லது. சூட்டுல போட்டதும் ஆறும்போது கொஞ்சம் பின்னுக்கு நகரும், ஆறினப்புறம் ஷாஃப்ட் தோளோட ஒட்டி இருக்கான்னு 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ (இடைவெளி அளக்கற மெல்லிசான தகடு) விட்டு பாத்துடுங்க, உள்ள போச்சுன்னா இன்னும் உக்காரலைன்னு அர்த்தம்.

பேரிங் நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்க, பின்னாடி வர்ற எழுத்தையும் பாருங்க. மோட்டார் பக்கம் சி3ன்னு போட்டிருந்தா அதே சி3தான் வேணும், அது உள்ள கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டது, சூட்டுல ஷாஃப்ட் விரியும்போது இறுகாம இருக்க. சாதாரண பேரிங் போட்டா சும்மா சுத்தும்போது நல்லாவே இருக்கும், ஏத்தத்துல லோடோட அரை மணி நேரம் போனா கத்த ஆரம்பிக்கும். அப்புறம் பழைய பேரிங்க தூக்கி எறியறதுக்கு முன்னாடி ரேஸ பாருங்க. குறுக்க குறுக்க வரி வரியா, துணி துவைக்கற பலகை மாதிரி கோடு விழுந்திருந்தா அது சாதாரண தேய்மானம் இல்ல, கன்ட்ரோலர் வேகமா ஆன் ஆஃப் பண்றதால ஷாஃப்ட்ல ஏர்ற மின்னழுத்தம் பேரிங் வழியா தாவி பொறி வச்ச தடம். அந்த மாதிரி இருந்தா ஷாஃப்ட் எர்த் பிரஷ் இருக்கற மோட்டார்ல அது தேஞ்சு போச்சா, கழட்டினப்போ மாட்ட மறந்தாச்சா, இல்ல பிரஷ் உரசுற இடத்துல கிரீஸ் தடவி வச்சிருக்காங்களான்னு பாக்கணும். மோட்டார் பாடிக்கும் சேஸிக்கும் நடுவுல இருக்கற பின்னல் எர்த் ஒயரையும் பெயின்ட் இல்லாத சுத்தமான இடத்துல திருப்பி மாட்டுங்க. அந்த ஒயர் மூலையில தொங்கிக்கிட்டு இருந்த வண்டி நிறைய பாத்திருக்கேன்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம், ஷிம். மூடிய போட்டு டைட் வச்சதுக்கு அப்புறம் பேரிங்குக்கும் மூடிக்கும் நடுவுல எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்ங்கறத மூடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். ரெண்டு வழி இருக்கு. டெப்த் கேஜ் இருந்தா, மூடியில பேரிங் உக்கார்ற பள்ளத்தோட ஆழத்த முகத்துல இருந்து அளங்க, அப்புறம் ஹவுசிங் முகத்துல இருந்து பேரிங் எவ்வளவு வெளிய துருத்திக்கிட்டு நிக்குதுன்னு அளங்க, ரெண்டையும் கழிச்சா இடைவெளி. உதாரணத்துக்கு பள்ளம் 15.20, பேரிங் துருத்தல் 14.85ன்னா இடைவெளி 0.35 மில்லிமீட்டர். உங்க மேனுவல் 0.10 ஆட்டம் வேணும்னு சொன்னா ஷிம் 0.25. ஆனா இது பேஸ்ட் மட்டும் போடற மூடிக்கு. 0.50 கேஸ்கெட் போட்டா அந்த 0.50 இடைவெளியோட கூடிடும், ஷிம் 0.75 ஆகணும். இப்போ உங்க கதைய இதுல வச்சு பாருங்க, கம்பெனி கேஸ்கெட் 0.30 இருந்த இடத்துல நீங்க 0.80 ஷீட் போட்டிருந்தா, ஷிம்ம மாத்தாம விட்டிருந்தா, 0.10 இருக்க வேண்டிய ஆட்டம் 0.60.

இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்கும், அது இன்னும் மோசம். கேஸ்கெட் கெடைக்கலைன்னு வெறும் பேஸ்ட்ட தடவி மூடறது. அப்போ மூடி உள்ள வந்து பேரிங்க இறுக்கிப் புடிச்சுக்கும், கையால சுத்துனா கொஞ்சம் கனமா இருக்கும், 'புது பேரிங், ஓட ஓட சரியாயிடும்'னு விட்டுடுவாங்க, அது சரியாகாது, வெந்து போகும்.

டெப்த் கேஜ் இல்லாதவங்களுக்கு ஈயக் கம்பி வைத்தியம். பத்த வைக்கற சால்டர் கம்பிய சின்னத் துண்டா நாலு வெட்டி, பேரிங்கோட வெளி ரிங் மேல நாலு திசையிலயும் கொஞ்சம் கிரீஸ வச்சு ஒட்டி, ஷிம் இல்லாம, ஆனா போடப்போற கேஸ்கெட்டோட மூடிய வச்சு மேனுவல் சொன்ன டார்க்குக்கு (போல்ட்ட இறுக்கற பலத்தோட அளவு) டைட் பண்ணி, திருப்பி கழட்டி, நசுங்கின கம்பிய மைக்ரோமீட்டர்ல அளந்தா இடைவெளி அப்படியே கையில இருக்கும். நாலு துண்டும் ஒரே தடிமன்ல நசுங்கலைன்னா மூடி கோணலா உக்காருதுன்னு அதுவே சொல்லிடும். டேப்பர் ரோலர் பேரிங் இருக்கற டிஃபரென்ஷியல்ல (ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) ஆட்டம் இருக்கவே கூடாது, லேசா அழுத்தத்தோட இருக்கணும், அங்க எவ்வளவு இழுப்புல சுத்துதுன்னு ஸ்பிரிங் தராசு கட்டி அளப்பாங்க, அளவு அந்தந்த ஆக்ஸிலுக்கு அதோட மேனுவல்லதான். கிரவுன் பினியன் (பெரிய வட்டப் பல்லும் அத சுத்தற சின்னப் பல்லும்) வச்ச பழைய மாடல் ஆக்ஸில்னா பேக்லாஷும் (பல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளி) பல்லு படற இடமும் தனியா பாக்கணும், பல்லுல நீல மை தடவி சுத்தி, மை நடுவுல அழியணும், முன்பக்கத்துல மட்டும் பாக்காம பின்பக்க முகத்துலயும் பாருங்க, ரீஜென் வேலை பாக்கறது அந்த முகத்துலதான்.

மோட்டார் ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள்ள நுழையற ஸ்பிளைன தொடச்சு பாக்காம மாட்டாதீங்க. செவப்பா, காப்பிப்பொடி மாதிரி தூள் இருந்தா, கிரீஸ் இல்லாம ரெண்டு இரும்பும் உரசி உரசி வந்த துரு அது. முன்ன பின்ன லோடு மாறிக்கிட்டே இருக்கறதால எலக்ட்ரிக் வண்டியில இது ரொம்ப சகஜம். பல்லோட பக்கத்துல நகத்தால தடவினா படி மாதிரி தட்டுப்பட்டா அந்த ஷாஃப்ட் முடிஞ்சுது, கிரீஸ் போட்டு ஏமாத்த முடியாது. நல்லா இருந்தா மாலிப்டினம் கலந்த கறுப்பு பேஸ்ட் மெல்லிசா தடவி மாட்டுங்க. அள்ளிப் பூசுனா உள்ள போகும்போது காத்தும் கிரீஸும் சிக்கி ஷாஃப்ட் முழுசா போகாது, போல்ட்டால இழுத்து உக்கார வைக்கலாம்னு தோணும். அத மட்டும் செய்யாதீங்க. மோட்டாரும் கியர் பாக்ஸும் கையாலயே முகம் ஒட்டணும், ஒட்டலைன்னா ஸ்பிளைன் ஒரு பல்லு தள்ளி இருக்கு, இல்ல டவல் பின் (ரெண்டு முகத்தையும் நேரா பொருத்தற முளை) சரியா வரல, சக்கரத்த லேசா சுத்திக்கிட்டே தள்ளுங்க, உக்காரும். மோட்டாரோட கனம் ஸ்பிளைன்ல தொங்காம கீழ ஜாக் குடுத்துக்கங்க.

ஆயில் சீல். புதுசுதான் போடணும், அதுல பேச்சே இல்ல. சுருள் ஸ்பிரிங் தெரியற பக்கம் ஆயில் இருக்கற பக்கம் பாக்கணும், சில மோட்டார்ல ரெண்டு சீல் முதுகோட முதுகா இருக்கும், அதனால கழட்டும்போதே போட்டோ எடுத்து வச்சுக்கங்க. உதட்டுல கொஞ்சம் ஆயிலோ கிரீஸோ தடவாம போட்டா மொத நிமிஷத்துலயே கருகிடும். ஸ்பிளைன் வழியா சீல தள்ளும்போது அந்த கூர் பல்லு உதட்ட கிழிக்கும், ஸ்பிளைன் மேல மெல்லிசான டேப் சுத்தி அது மேல ஆயில் தடவி தள்ளுனா கிழியாது, அப்புறம் டேப்ப உருவிடுங்க. சீல் ஓடற இடத்துல ஷாஃப்ட்ல நகம் மாட்டற மாதிரி பள்ளம் விழுந்திருந்தா எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும், ஒண்ணு அந்த இடத்துக்கு ஸ்லீவ் போடணும், இல்ல சீல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வச்சு உதடு புது இடத்துல படற மாதிரி பண்ணணும்.

சீல குறை சொல்றதுக்கு முன்னாடி பிரீதர பாருங்க, ஹவுசிங் மேல சின்ன தொப்பி மாதிரி, இல்ல ஒரு டியூப் மாதிரி இருக்கும். உள்ள ஆயிலும் காத்தும் சூடாகி விரியும், வெளிய போக அந்த ஓட்டைதான் வழி. சேறு அடைச்சிருந்தா, இல்ல பெயின்ட் அடிச்சப்போ மூடிப்போயிருந்தா, அழுத்தம் சீல் வழியா ஆயில தள்ளிடும். மோட்டார் பக்க சீல் தள்ளுச்சுன்னா ஆயில் மோட்டாருக்குள்ள போகும், ஹால் சென்ஸர் (ரோட்டர் எங்க இருக்குன்னு சொல்ற சென்ஸர்) ஒயரெல்லாம் ஊறிப்போய் அப்புறம் வேற ஒரு ரிப்பேர். உங்க வண்டியில கசிவு வந்த பக்கம் அதுதான், அதனால இந்தத் தடவை மோட்டாரோட முன் மூடிய தொறந்து உள்ள ஆயில் போயிருக்கான்னு பாத்துட்டே மாட்டுங்க.

மூடி போடறது. கேஸ்கெட் கொடுத்த தடிமன்லயே வாங்குங்க, கேஸ்கெட் போட்டா அதுக்கு மேல பேஸ்ட் தேவையில்ல. பேஸ்ட் மட்டும்தான் டிசைன்னா ரெண்டு மூணு மில்லிமீட்டர் கயிறு மாதிரி ஒரே ஓட்டமா, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா சுத்தி விட்டு மூடிடணும், வெளிய பிதுங்கறது எவ்வளவோ அதே அளவு உள்ளயும் பிதுங்குதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க. போல்ட்ட எதிர் எதிரா, ரெண்டு மூணு சுத்துல டைட் பண்ணுங்க. டார்க் ரெஞ்ச் இல்லாம கைப்பழக்கத்துல இறுக்கினா அலுமினியத்துல மரை போயிடும். 8.8 கிரேடு 8 மில்லி போல்ட்டுக்கு பொதுவா 25 நியூட்டன் மீட்டர், 10 மில்லிக்கு 50க்கு பக்கம்னு சொல்லுவாங்க, அது இரும்புக்கு, அலுமினிய மரையில இன்னும் கம்மியாத்தான் மேனுவல் சொல்லும். அந்த எண்ணெல்லாம் காஞ்ச மரைக்கு, ஆயில் வழியற மரையில அதே டார்க் குடுத்தா போல்ட் அதைவிட ரொம்ப இழுபடும், ஏன்னா நாம குடுக்கற பலத்துல பெரும்பகுதி உராய்வுலதான் போகுது, இறுக்கத்துக்குப் போறது 10 சதவீதம் அளவுதான், உராய்வு கொஞ்சம் குறைஞ்சாலும் இறுக்கம் தாறுமாறா ஏறிடும். கிரவுன் வீல் போல்ட்ட கழட்டியிருந்தா புதுசு போட்டு லாக் திரவம் தடவுங்க, சில ஆக்ஸில்ல அது இடது மரை, திரும்பலைன்னு பைப் போட்டு ஒடிச்சிடாதீங்க.

ஆஃப் ஷாஃப்ட் ரெண்டும் நீளம் ஒண்ணா இருக்காது, டிஃபரென்ஷியல் நடுவுல இல்லாத வண்டியில இடது வலது மாறினா ஸ்பிளைன் பாதிதான் புடிச்சிருக்கும், ஓடும், அப்புறம் ஒருநாள் லோடோட ஏத்தத்துல உருவிக்கும். கார் மாதிரி சிவி ஜாயின்ட் ஷாஃப்ட் இருக்கறவங்க உள் முனையில இருக்கற சர்க்லிப்ப (ஷாஃப்ட் வெளிய வராம புடிக்கற கம்பி வளையம்) புதுசா போட்டு, அதோட வாய் கீழ பாத்த மாதிரி வச்சு தள்ளுனா சுலபமா போகும், 'க்ளிக்'னு விழுந்ததும் ஜாயின்ட் உடம்ப புடிச்சு இழுத்து பாருங்க, ஷாஃப்ட்ட புடிச்சு இழுத்தா உள்ள ரோலர் கழண்டு வந்துடும். ஹப் நட்டு ஒரு தடவைதான், திருப்பி போடாதீங்க. அந்த நட்ட முழு டார்க் குடுக்காம வண்டிய கீழ எறக்கி சக்கரத்துல கனத்த ஏத்தக் கூடாது, நட்டுதான் ஹப் பேரிங்கோட ரெண்டு பாதியையும் சேத்து புடிச்சிருக்கு, லூசா இருக்கும்போது கனம் ஏறினா புது பேரிங் அங்கேயே காலி. இம்பாக்ட் கன்ல முடிக்காம கடைசி இறுக்கத்த டார்க் ரெஞ்ச்ல குடுங்க. ஏபிஎஸ் இருந்தா ஹப் பேரிங்கோட ஒரு பக்க சீல்லதான் காந்தப் பட்டை இருக்கும், அது சென்ஸர் பக்கம் பாக்கணும், திருப்பிப் போட்டா பேரிங் நல்லா ஓடும், டேஷ்போர்டுல லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

பிரேக் பக்கம் ட்ரம்முக்குள்ள கிரீஸ் ஆயில் எதுவும் படாம பாத்து, பிரேக் ஆயில் லைன தொறந்திருந்தா காத்து எடுத்துடுங்க, வழக்கமான வேலைதான். ஆக்ஸில சேஸியில மாட்டும்போது லீஃப் ஸ்பிரிங் யூ போல்ட்ட நாலையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, ரப்பர் புஷ் வர்ற போல்ட்டு எல்லாத்தையும் வண்டி தரையில நின்னு கனம் ஏறினப்புறம்தான் முழுசா டைட் பண்ணணும், தொங்கும்போதே இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே கெடந்து கிழியும்.

ஆயில் ஊத்தறதுக்கு பேஸ்ட் காயற நேரம் குடுத்துட்டு, வண்டிய சமதரையில நிக்க வச்சு லெவல் ஓட்டையோட விளிம்பு வரைக்கும். 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்'னு ஊத்தினா கியர் அத கடைஞ்சு நுரையாக்கி சூடாக்கி பிரீதர் வழியா துப்பும், அதப் பாத்து மறுபடி சீல் போச்சுன்னு நெனைப்பீங்க. தனி கியர் பாக்ஸ் வச்ச சின்ன வண்டிகளுக்கு 80டபிள்யூ-90 மாதிரி கியர் ஆயில் சொல்லியிருப்பாங்க. மோட்டாரும் கியரும் ஒரே ஆயில்ல ஓடற பெரிய யூனிட்ல அத ஊத்திடாதீங்க, ஜிஎல்-5 வகை கியர் ஆயில்ல இருக்கற கந்தகக் கலவை சூட்டுல செம்புக் கம்பிய அரிக்கும், அங்க கம்பெனி சொன்ன மெல்லிசான ஆயில் மட்டும்தான்.

கடைசியா ஒயர். மூணு பேஸும் கழட்டும்போது போட்ட அடையாளப்படி அதே இடத்துல. ரெண்டு மாறிப்போனா மோட்டார் நடுங்கும், இல்ல முக்கிக்கிட்டு ஆம்பியர அள்ளும், இல்ல பின்னாடி ஓடும். ஒயர் முனையில இருக்கற லக்கு நட்டு லூசா இருந்தா அங்கேயே சூடேறி இன்சுலேஷன் உருகும். பெரிய வோல்டேஜ் வண்டியில மோட்டார் கம்பிச்சுருளுக்கும் பாடிக்கும் நடுவுல மெக்கர் (இன்சுலேஷன அளக்கற மீட்டர்) வச்சு பாக்கணும், கன்ட்ரோலர்ல இருந்து பேஸ் ஒயர கழட்டிட்டு, இல்லைன்னா மெக்கர் வோல்டேஜ் கன்ட்ரோலர சாவடிச்சிடும். ஐநா ஆர்100 விதியில டிசி பக்கத்துக்கு ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், ஏசி பக்கத்துக்கு 500 ஓம்னு குறைஞ்சபட்சம் சொல்லியிருக்கு, நல்ல மோட்டார்ல அதைவிட பல மடங்கு காட்டும், குறைஞ்சபட்சத்துக்கு பக்கத்துல வந்தாலே உள்ள ஈரமோ ஆயிலோ இருக்கு. ரோட்டரையோ ரிசால்வரையோ (இதுவும் ரோட்டர் இருக்கற இடத்த சொல்ற சென்ஸர்தான்) கழட்டியிருந்தா அந்த இடக்கணக்க சரி பண்ற ஆஃப்செட் கேலிப்ரேஷன் ஸ்கேனர்ல பண்ணணும், அது இல்லாம ஓட்டினா இழுவை இருக்காது, இல்ல துள்ளும்.

பவர் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சக்கரமும் தூக்கி இருக்கும்போது கையால ஒரு சக்கரத்த சுத்துங்க, மோட்டார் கனத்தால அது நகர்றத விட அடுத்த சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தறது சுலபம், அப்படி சுத்தினா டிஃபரென்ஷியல் சரியா உக்காந்திருக்கு. உராய்வோ சுத்துக்கு ஒரு தடவை இறுக்கமோ தெரிஞ்சா பவர் குடுக்காதீங்க. அப்புறம் ஸ்டாண்டு மேலயே பெடல லேசா, நடக்கற வேகத்துக்கு மட்டும். ஒரு சக்கரம் நின்னுட்டா இன்னொண்ணு ரெட்டிப்பு வேகத்துல ஓடும், அதனால ஸ்டாண்டுல வச்சு முழுசா மிதிக்கறது ஆபத்து.

ரோட்டுல மொதல்ல லோடு இல்லாம. பெடல விட்டு விட்டு மிதிச்சு அந்த 'டொக்' இருக்கான்னு கேளுங்க, முழுக்க சத்தமே இல்லாம ஆகாது, பல்லுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி இருந்தாத்தான் ஆயில் நிக்கும், ஆனா சீட்ல உதைக்கற மாதிரி இருக்கக் கூடாது. அப்பவும் அடி அப்படியே இருந்தா, ஷிம்ல பண்ண வேண்டியத பண்ணியாச்சு, ஆஃப் ஷாஃப்ட் ஸ்பிளைனையும் ஹப் நட்டையும் போய் பாருங்க. இழுக்கும்போது மட்டும் ஊதுற சத்தம் வந்தா கியரோட ஒரு முகம், ரீஜென்ல மட்டும் வந்தா அடுத்த முகம், ரெண்டுலயும் வேகத்தோட சேந்து ஏறி திருப்பத்துல மாறுச்சுன்னா ஹப் பேரிங். அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து ஹவுசிங்ல பேரிங் இருக்கற இடங்கள ஒவ்வொண்ணா புறங்கையால தொட்டு பாருங்க, எல்லாம் ஒரே சூட்டுல இருக்கணும், ஒரு இடம் மட்டும் கை வைக்க முடியாம சுட்டா அந்த ஷிம்ம மறுபடி அளக்க வேண்டியதுதான். அடுத்த நாள் காலையில கீழ ஒரு அட்டைய விரிச்சு வச்சு சொட்டு விழுந்திருக்கான்னு பாத்துட்டு, யூ போல்ட்டையும் சக்கர நட்டையும் மட்டும் இன்னொரு தடவை டார்க் வச்சு பாத்துட்டு லோடு ஏத்துங்க.